ஒரே தகட்டில் இரண்டு சூடு

அத்தியாயம் ஏழு

ஜெபசீலி தாள்களை மேசைமேல் பரப்பினாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். சன்னலையும் சாத்தினாள். வெளியே ஓசூரின் டிசம்பர் தூறல் ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"இதை எழுதினவர் டாக்டர் இல்லீங்க," என்றாள்.

துப்பறியும் சிங்கராயர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முதல் தாளை எடுத்தார். அவருடைய உதவியாள் திம்மராயன் சுவரோரம் நின்று, நனைந்த தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷம் கிருஷ்ணகிரி ஓசூர் தடத்தில் கண்டக்டராக இருந்து, ஒரு எம்.எல்.ஏ.வின் மைத்துனரை டிக்கெட் கேட்டதால் வேலையை இழந்தவன் அவன். நாற்பது வயதாகியும் வாய் மட்டும் அடங்கவில்லை.

டாக்டர் அற்புதராஜ் காணாமல் போய் அன்றோடு இருபத்திரண்டு நாள். வைத்தியம் பார்க்கிற டாக்டர் அல்ல, பௌதிகத்தில் பட்டம் வாங்கிய டாக்டர். பாகலூர் சாலையில் புதிதாக வந்திருந்த கண்ணாடித் தொழிற்சாலையில் ஆராய்ச்சி அதிகாரி. 'பெங்களூரில் இருக்கிறேன், தேட வேண்டாம்' என்று கிருஷ்ணகிரியிலிருந்த மனைவி மேரிராணிக்கு டைப் அடித்த கடிதங்கள் மட்டும் வாரம் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. வீட்டுக்காரர் வேறு பெண்ணோடு போய்விட்டார் என்று போலீஸ்காரர்கள் சிரித்தபடி வழக்கை மூடியதும், மேரிராணி சிங்கராயரைத் தேடி வந்தார்.

அதே மூன்று வாரத்தில் ஜெபசீலிக்கும் பெங்களூர்த் தபால் முத்திரையோடு தாள்கள் வந்திருந்தன. டாக்டரின் கணக்குகளைக் கைப்பிடி சுழற்றும் கணக்கு இயந்திரத்தில் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை.

"எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்கம்மா? எல்லாம் டைப் அடிச்சதாச்சே," என்றார் சிங்கராயர்.

"முதல் வரியைப் பாருங்க சார். ரெண்டு பத்தி இருக்கு. ரெண்டுலயும் முப்பது டிகிரி."

"இருக்கட்டும். அதுல என்ன?"

ஜெபசீலி பழைய தாள் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அதில் முதல் வரியில் ஒரு பத்தியில் ஒன்பதாயிரம். இன்னொன்றில் முப்பது.

"இது டாக்டர் போன மாசம் குடுத்தது. ஒரு உலோகத் தகட்டுல பலமான வெளிச்சம் விழுது. ஒரு நொடியை லட்சம் கோடியா வெட்டினா, அதுல நாலஞ்சு துண்டு நேரம்தான் அந்த வெளிச்சம் இருக்கும். அந்தச் சூட்டை முதல்ல எலக்ட்ரான்கள் வாங்கிக்கும். அதுங்க லேசு, சுறுசுறுப்பு. அணுக்கள் கனம். அதுங்க நடுங்க ஆரம்பிக்கக் கொஞ்சம் நேரமாவும். அந்த நடுக்கத்துக்குப் போனான்னு பேரு."

"போனானா? எங்க போனான்?" என்றான் திம்மராயன்.

ஜெபசீலி சிரிக்கவில்லை. "நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கு இதையேதான் கேட்டேன். டாக்டர் அரை மணி நேரம் சிரிச்சாரு," என்றாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எலக்ட்ரான்கிட்ட இருக்கிற சூடு கொஞ்சம் கொஞ்சமா போனானுக்குக் கை மாறும். எவ்வளவு வேகமா மாறுதுங்கறதுதான் கணக்கு. வரிக்கு வரி ரெண்டு சூட்டுக்கும் வித்தியாசம் பாத்து, ஒரு எண்ணால பெருக்கி, இதுல குறைச்சு அதுல கூட்டணும். ஒரு தாளுக்கு நானூறு வரி. கடைசில ரெண்டும் ஒண்ணாயிடும்."

"முதல் வரியிலேயே ஒண்ணா இருந்தா?"

"கை மாற எதுவுமே இல்லீங்களே. நானூறு வரியும் முப்பது, முப்பதுன்னு வரும். அது கணக்கே இல்லீங்க. டாக்டர் தூக்கத்துல எழுதினாக்கூட இப்படி எழுதமாட்டாரு."

சிங்கராயர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்திரண்டு நாளாக ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்றால், அந்த ஒருவரால் எழுத முடியவில்லை என்று பொருள். அதற்கான காரணங்களை அவர் ஜெபசீலியின் முன்னால் சொல்ல விரும்பவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. ஒரே பொருள்ல ரெண்டு சூடு தெரிஞ்சா அதுக்கு என்ன அர்த்தம்?"

"இப்பத்தான் அடி விழுந்திருக்குன்னு அர்த்தம். நேரமாயிட்டா ஒண்ணாயிடுமே."

சிங்கராயர் தலையசைத்தார். "சரி. டாக்டர் குடுக்கிற மாதிரியே ஒரு சரியான தாளை டைப் அடிங்க. இந்தத் தபால்ல வந்ததுன்னு வச்சுக்குவோம். இதைப் பாத்ததும் யாருக்குக் கை அரிக்குதுன்னு பாக்கணும்."

*

தொழிற்சாலை முதலாளி கோவிந்தப்பன் அவர்களை வாசலிலேயே வரவேற்றார். வெள்ளை வேட்டி, கம்பளிக் கோட்டு. ராகியும் கொள்ளும் விளைந்த தன் சொந்த நிலத்தில் கட்டிடம் எழுப்பியவர். கண்ணாடிமேல் மெல்லிய உலோகப் பூச்சு பூசும் வேலை. நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். பாதிக்குமேல் பெண்கள்.

உள்ளே கூடத்தில் பெஞ்சுகளைத் துடைத்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு மேடை. மேடையின் பின்பக்கம் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றிலிருந்து நீண்ட குழல் பெஞ்சுகளை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. குழலுக்கும் பெஞ்சுகளுக்கும் நடுவே, ஒரு சட்டத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தகடு.

"இன்னிக்கு நாலு மணிக்கு முழு பலத்துலயே செய்து காட்டறோம்," என்றார் கோவிந்தப்பன். "மெட்ராஸ்லருந்தும் பெங்களூர்லருந்தும் பெரியவங்க வராங்க. லைசென்சு விஷயம். நம்ம ஆளுங்களும் பாக்கட்டும்னு எல்லாரையும் உக்கார வெக்கிறோம். டாக்டர் செஞ்ச விளக்குங்க இது. கண்ணுக்கே தெரியாத வெளிச்சம். தகட்டுல பட்டுத் திரும்பி ஓரத்துல இருக்கிற கரி பூசின பெட்டிக்குள்ள போய் அடங்கிரும்."

"டாக்டர் இல்லாமயேவா?"

"அவருதான் பெங்களூர்ல உக்காந்துட்டாரே. கணக்கு மட்டும் அனுப்பறாரு."

சிங்கராயர் தாளை நீட்டினார். "ஜெபசீலிக்கு வந்த கணக்குங்க. அந்தம்மாவுக்கு இதுல என்னமோ சந்தேகம். நீங்க பாத்தா தெரியும்னாங்க."

கோவிந்தப்பன் தாளைப் பார்த்தார். முகம் சுருங்கியது. கோபமில்லை. நோயாளியின் கட்டிலருகே நிற்பவரின் முகம் அது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, ஒன்பதாயிரம் என்பதை ஒரே கோட்டில் அடித்தார். அதன்மேல் முப்பது என்று எழுதினார். அடுத்த வரிக்கும் போனார். அதற்கடுத்ததற்கும்.

"எத்தனை தடவை சொன்னாலும் இதையேதான் சொல்றாரு," என்றார், பாதி தனக்குள். "நானே தெர்மாமீட்டர் வச்சுப் பாத்திருக்கேன். தகடு முப்பத்தி நாலு டிகிரிகூடத் தாண்டலை. ஒன்பதாயிரம்னு எழுதி அந்தப் பெரியவங்ககிட்டக் குடுத்தா கைகொட்டிச் சிரிப்பாங்க."

"சொல்றாரா?" என்றார் சிங்கராயர் மெதுவாக.

பென்சில் நின்றது.

"எழுதறாருன்னேன்." கோவிந்தப்பன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நாலு மணிக்கு வந்துருங்க. முன் வரிசையில நாற்காலி போடச் சொல்றேன்."

"அவர் முன்னால வேலை செஞ்ச பழைய கொட்டாயைப் பாக்கலாமுங்களா? பேரிகை ரோட்டுல இருக்குதாமே."

"அது பூட்டி மூணு வாரமாச்சு. உள்ள எலிதான் இருக்கும்."

வெளியே வந்து பழைய லேண்ட்மாஸ்டர் காரில் ஏறியதும் திம்மராயன் வாயைத் திறந்தான். "ஆளு அம்பிட்டான். ஏண்ணா, அங்கேயே கையைப் புடிச்சிருக்கலாமில்ல?"

"கணக்கு விஷயத்துல அவர் பொய் சொல்லலை, திம்மா. அந்தத் தாளை நிஜமாவே திருத்தறதா நெனைக்கிறாரு. அதான் எனக்குப் பயமா இருக்குது."

பின் சீட்டிலேயே காத்திருந்த ஜெபசீலி மடிந்த தாளை வாங்கிப் பார்த்தாள். சிவப்புக் கோடுகளை விரலால் தொட்டாள். வண்டி பேரிகைச் சாலைக்குத் திரும்பியது.

*

பேரிகைச் சாலையிலிருந்து பிரிந்த வண்டித்தடம் ராகி அறுத்த காடுகளுக்கு நடுவே போனது. மேகம் பாறைக்குன்றுகளின் தலையில் உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. தகரக் கொட்டாய் ஒன்று, சன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டி, தனியாக நின்றது. மின்கம்பி மட்டும் அதற்குள் போனது. கதவில் கைமுட்டி அளவு பூட்டு.

"அய்யா சொன்னது சரிதான். எலிங்க கரண்ட் பில்லு கட்டிட்டு இருக்குது," என்றான் திம்மராயன். ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

சிங்கராயர் கொட்டாயைச் சுற்றி வந்தார். பின்புறம் ஒரு இரும்பு டிரம். அதிலிருந்து ஒரு குழாய் சுவருக்குள் போனது. இன்னொரு குழாய் வெளியே வந்து, அதன் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவரோட பழைய விளக்கைக் குளிர வைக்கிற தண்ணிங்க," என்றாள் ஜெபசீலி.

சிங்கராயர் டிரம்முக்குள் கையை விட்டார். விரல்கள் விறைத்தன. பிறகு சொட்டுகிற குழாயைப் பிடித்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"ஒரே தண்ணி. அங்க ஜில்லு, இங்க சூடு," என்றார்.

ஜெபசீலி அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். "இப்பத்தான்," என்றாள். "இப்பத்தான் அடி விழுந்திருக்கு."

திம்மராயன் அதற்குள் வண்டியின் ஜாக்கிக் கம்பியோடு வந்துவிட்டான். மூன்றாவது நெம்பலில் பூட்டு கொண்டியோடு பிய்ந்துவந்தது.

உள்ளே ஒரே இருட்டு. தைல வாடையும் மருந்து வாடையும் கலந்து அடித்தன. சிங்கராயர் கதவை அகலத் திறந்தார். வெளிச்சம் தரையில் நீண்டு, ஒரு கட்டிலின் கால்களைத் தொட்டு, ஒரு மேசைவரை போனது. மேசைமுன் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கண்களைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு. அவருடைய விரல்கள் ஒரு விசைப் பெட்டியின்மேல் ஒவ்வொரு குமிழாகத் தடவிக்கொண்டிருந்தன.

"இன்னிக்குச் சீக்கிரமா வந்துட்டீங்க, கோவிந்தப்பன்," என்றார் டாக்டர் அற்புதராஜ். "தாள் எடுத்துக்குங்க. சொல்றேன்."

திம்மராயன் துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

"சார், நான் ஜெபசீலி."

விரல்கள் குமிழிலிருந்து விலகின. "நீ இங்க வந்திருக்கக் கூடாதும்மா," என்றார்.

"உங்களை இங்க அடைச்சு வெச்சிருக்காரா?" என்று கேட்டார் சிங்கராயர், தான் யாரென்று சொல்லிவிட்டு.

"இல்லீங்க. நான்தான் பூட்டச் சொன்னேன்." அற்புதராஜ் கட்டைத் தொட்டுக் காட்டினார். "தகட்டுக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன். விளக்கைப் போட்டதும் தகடு கிழிஞ்சுது. ஒரு சத்தம்கூட வரலை. ரெண்டு கண்ணும் போயிருச்சு. கோவிந்தப்பன் ராத்திரியோட பெங்களூர் கூட்டிட்டுப் போனாரு, வைத்தியம் பாத்தாரு. இனி வராதுன்னுட்டாங்க. கண்ணில்லாத ஆராய்ச்சிக்காரனை யாரு வெச்சுக்குவாங்க? கணக்கை முடிச்சுட்டு வெளிய வரேன்னேன். நான் சொல்லச் சொல்ல அவரு எழுதிக்கிறாரு. மேரிக்கும் அவரே எழுதிப் போடறாரு."

"உங்க சம்சாரம்தான் உங்களைத் தேட என்னை வெச்சிருக்காங்க. நீங்க வேற பொம்பளையோட ஓடிட்டீங்கன்னு ஊரே பேசுது. அவங்க தலைகுனிஞ்சுதான் கோயிலுக்குப் போறாங்க."

அற்புதராஜின் வாய் கோணியது. இதை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் சிங்கராயருக்கு அதில் நிற்க நேரமில்லை. ஜெபசீலியைப் பார்த்தார்.

அவள் பையிலிருந்து தாள்களை எடுத்தாள். "சார், நீங்க சொன்ன முதல் வரியை ஒரு தடவை சொல்லுங்க."

"எலக்ட்ரான் ஒன்பதாயிரம். போனான் முப்பது."

"எனக்கு வந்த தாள்ல முப்பது, முப்பதுன்னு இருக்குது."

"அச்சுப் பிழையா இருக்கும்."

"ஆறு தாள் சார். ஆறுலயும் அப்படித்தான்."

அற்புதராஜ் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்குப் புரியலை," என்றார். "தெர்மாமீட்டர் காட்டறது அணுக்களோட சூட்டை மட்டும்தான். அதுவும் எல்லாம் அடங்கினதுக்கு அப்புறம். வெளிச்சம் ஒரே அடியா வராது, வரிசையா அடி அடியா வரும். முதல் அடியில எலக்ட்ரான் கொதிக்கும், தகடு சும்மா இருக்கிற மாதிரிதான் தெரியும். அந்தச் சூடு கை மாறின உடனே பூச்சு கிழியும். பின்னால வர்ற அடியெல்லாம் கிழிசல் வழியா நேரா போயிரும். எவ்வளவு தடிமனுக்கு, எவ்வளவு பலத்துல கிழியும்னு கண்டுபிடிக்கத்தான் இந்தக் கணக்கே. அது முடியற வரைக்கும் அஞ்சுல ஒரு பங்கு பலத்துக்கு மேல போடாதீங்கன்னு சொல்லியிருக்கேன். அடுத்த மாசம்தானே செய்து காட்டறது?"

"இன்னிக்குங்க. நாலு மணிக்கு," என்றார் சிங்கராயர்.

"தகட்டுக்குப் பின்னால யாரு இருப்பாங்க?"

திம்மராயன்தான் சொன்னான். "பத்து பெஞ்சுங்க. நான் எண்ணிட்டேன். அறுபது பேரு."

சிங்கராயர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபத்தைந்து.

*

தொழிற்சாலை வாசலில் மூன்று பெரிய கார்கள் நின்றிருந்தன. கூடத்துக்குள்ளிருந்து கோவிந்தப்பனின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. அதற்கடியில் இன்னொரு ஒலி, தேனீக்கூட்டைப் போல, சிறிது சிறிதாக ஏறிக்கொண்டிருந்தது.

"மின்சாரம் ஏத்தறாங்க," என்றார் அற்புதராஜ். அவர் கை சிங்கராயரின் தோளை இறுகப் பிடித்தது. "இந்தச் சத்தம் நின்னா முடிஞ்சுது. அதுக்கப்புறம் விசையை அழுத்தறதுதான் பாக்கி."

"திம்மா, மெயின் எங்க இருக்குதுன்னு பாரு."

திம்மராயன் ஒரு கேலியும் பேசாமல் ஓடினான்.

அவர்கள் பக்கவாசல் வழியாக நுழைந்தார்கள். பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. முன் வரிசையில் கோட்டுப் போட்டவர்கள். பின்னால் தொழிலாளிகள், நீலப் புடவை கட்டிய பெண்கள், எல்லோரும் அந்தப் பளபளக்கும் தகட்டையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது.

சிங்கராயர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். அற்புதராஜ் அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பெஞ்சு விளிம்பைத் தடவி, மேடைப் பலகையைத் தடவி, தகட்டுக்கும் மக்களுக்கும் நடுவே போய் நின்றார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். துணிக்கட்டை அவிழ்த்தார்.

ஒலிபெருக்கியில் பேச்சு நின்றது.

அவருடைய இரண்டு கருவிழிகளும் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன. செல்லி என்ற பூச்சுவேலைக்காரி முதலில் எழுந்தாள். "டாக்டரய்யா," என்றாள். அவர் பெங்களூரில் இருக்கிறார் என்று அவளிடம் நேற்றும் சொல்லியிருந்தார்கள். அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள், அவருக்குப் பின்னாலிருந்த தகட்டைப் பார்த்தாள், பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவள் வரிசை எழுந்தது. அடுத்த வரிசையும் எழுந்தது. ஓடவில்லை, கூச்சலில்லை. பெஞ்சுகள் தரையில் உரசும் ஓசை மட்டும். கோட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவர்கள் பின்னால் போனார்கள்.

விளக்குகள் அணைந்தன. திம்மராயன் மெயினைக் கண்டுபிடித்துவிட்டான்.

மங்கிய கூடத்தில் நான்கு பேர் மிஞ்சினார்கள். கோவிந்தப்பன் சாம்பல் பெட்டியின் அருகே நின்றிருந்தார்.

"என் நிலத்தை வித்து, என் அண்ணன் தம்பி நிலத்தையும் வித்துக் கட்டினதுங்க இது," என்றார் சிங்கராயரிடம். "அவருக்குக் கண்ணு போனதுக்கப்புறம் புத்தி பெசகிப்போச்சுன்னு நெனச்சேன். முருகன் சாட்சியா அப்படித்தான் நெனச்சேன். ஒரே தகட்டுல ரெண்டு சூடுன்னா யாரு நம்புவாங்க?"

"நம்பலைன்னா கேட்டிருக்கலாமே. ஏன் அடிச்சு எழுதினீங்க?"

கோவிந்தப்பன் திடீரென்று பெட்டியின் பக்கம் திரும்பினார். அதன் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, உள்ளே வரிசையாக இருந்த, மின்சாரம் தேக்கி வைக்கும் உருளைகளையும் அவற்றை இணைத்த செம்புப் பட்டையையும் பிய்த்தெறியப்போகிறவர்போலக் கையை நீட்டினார்.

மூடி விழுந்த ஓசையில் அற்புதராஜ் தலையை நிமிர்த்தினார். செருப்பு நகர்ந்த ஓசையையும் கேட்டார்.

"கோவிந்தப்பன், கையை எடுங்க."

கை அந்தரத்தில் நின்றது.

"மெயினை நிறுத்திட்டா போதும்னு நெனைக்காதீங்க. அதுக்குள்ள அஞ்சாயிரம் வோல்ட்டு இன்னும் அப்படியே இருக்குது. அந்தப் பட்டையைத் தொட்டா ஆளு மிஞ்ச மாட்டீங்க. தானா வடிய ரெண்டு நிமிஷம் ஆகும்."

செம்புப் பட்டைக்கும் கோவிந்தப்பனின் விரல்களுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. சிங்கராயர் இருந்த இடத்திலேயே நின்றார். ஒரு அடி எடுத்து வைத்தால் அந்த மனிதர் மிரண்டு எந்தப் பக்கம் சாய்வாரோ தெரியாது. ஜெபசீலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேக்குதுங்களா? நிலத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். கையை மடக்கி மார்மேல வெச்சுக்குங்க. நான் நூத்திருபது எண்ணற வரைக்கும் அசையாதீங்க."

கோவிந்தப்பனின் கை மடங்கியது. மார்பின்மேல் போய் நின்றது. அவர் அழ ஆரம்பித்தார், சத்தமில்லாமல்.

தன் கண்களைப்பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், இருளில் நேராக நின்றபடி, அற்புதராஜ் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.